கணக்குப்பிள்ளை வேலைக்குப் புதுப் பெயர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சங்க அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒரு தாய் வந்து நின்றார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குப் பொறுக்கும் வேலை செய்கிறவர். கணவர் டோபிகானாவில் துணி தேய்க்கிறார். கையில் நான்காக மடித்த ஒரு காகிதம். மகள் பி.காம். முடித்திருக்கிறாள், காக்கநாட்டில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டுமாம்.

"அண்ணாச்சி, இது என்ன வேலைன்னு அவளுக்கே சரியாச் சொல்லத் தெரியல. போன்ல பேசுற வேலையா, கம்ப்யூட்டர் வேலையா? ராத்திரி ஷிப்டுன்னு வேற போட்டிருக்காம். அவுக அப்பா வேண்டாங்கிறாக. அனுப்பலாமா வேண்டாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தோம். 'பிராசஸ் அசோசியேட், அக்கவுண்ட்ஸ் பேயபிள்' என்பது பதவியின் பெயர். மாறிமாறி வரும் ஷிப்டு. வருடச் சம்பளம் என்று ஒரு பெரிய தொகை. இரண்டு வருடம் விலகக் கூடாது என்று ஒரு பாண்டு. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி.

அந்தத் தாய் கேட்டது ஒரு வார்த்தை. நம்மால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கு வெட்கமாகவும் இருந்தது. ரேஷன் கார்டுக்கு மனு எழுதத் தெரிந்த நாம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆபீஸ் ஆபீஸாகப் படியேறத் தெரிந்த நாம், நம் பிள்ளைகள் பட்டம் வாங்கி வெளியே வரும்போது எந்த வாசலில் போய் நிற்கவேண்டும், நிற்கும்போது கையில் என்ன இருக்கவேண்டும் என்பதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதுவரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. வாத்துருத்தியிலும் பள்ளுருத்தியிலும் டோபிகானாவிலும் இதே கேள்வி இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஆகவே அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பிஸினஸ் சர்வீஸ் சென்டர் என்பார்கள், ஷேர்டு சர்வீஸ் என்பார்கள், பி.பி.ஓ. என்பார்கள், இப்போது ஜி.சி.சி. என்று ஒரு புதுப் பெயர். விஷயம் ஒன்றுதான். ஒரு பெரிய கம்பெனிக்கு நாற்பது நாட்டில் ஆபீஸ் இருக்கிறது என்று வையுங்கள். நாற்பது இடத்திலும் கணக்கெழுத, சம்பளப் பட்டியல் போட, வாடிக்கைக்காரர் கடிதத்துக்குப் பதில் போடத் தனித்தனியாக ஆள் வைப்பதற்குப் பதிலாக, அந்த வேலைகளையெல்லாம் பெயர்த்தெடுத்து, கூலி குறைந்த ஓரிடத்தில் குவித்துச் செய்கிறார்கள். சொந்த ஆளை வைத்துச் செய்தால் ஒரு பெயர், குத்தகைக்கு விட்டால் இன்னொரு பெயர். நம் மீது கொண்ட அன்பினாலா இங்கே வருகிறார்கள்? லண்டனில் ஒரு குமாஸ்தாவுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இங்கே பல பேரை வைக்கலாம் என்பதால் வருகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை தொடங்கி முப்பது வருடம் ஆகப்போகிறது. 1996இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பின்னணி ஆபீஸ் வேலைகளுக்காக பம்பாயில் ஒரு பிரிவை ஏற்படுத்தியது. 1997இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி டில்லியை அடுத்த குர்காவில் ஆரம்பித்தது. 2001இல் உலக வங்கியே தன் கணக்கு வேலைகளில் ஒரு பகுதியை வாஷிங்டனிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தது. கடன் கொடுக்கும் இடமும் தன் செலவைக் குறைக்க நம் ஊருக்குத்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். 2004இல் காக்கநாட்டில் இன்போபார்க் வந்தது. அதற்கு முன்பே கடலடியில் போட்ட கேபிள்கள் கொச்சியில் கரையேறிவிட்டிருந்தன. மிளகும் ஏலக்காயும் கடல் வழியே வெளியே போன அதே ஊருக்கு, வெளிநாட்டுக் கணக்கு கடலடி வழியே உள்ளே வந்தது. 2024இல் நாஸ்காம் வெளியிட்ட அறிக்கை, வெளிநாட்டுக் கம்பெனிகள் சொந்தமாக நடத்தும் இத்தகைய மையங்கள் மட்டும் நாட்டில் 1,700க்கு மேல் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்வதாகவும் சொல்கிறது. ரெயில்வேயில் வேலை செய்பவர்கள் சுமார் 12 லட்சம் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும்.

சரி, அந்தப் பெண்ணின் கடிதத்தில் இருந்த 'அக்கவுண்ட்ஸ் பேயபிள்' என்பது என்ன? மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பஜார் ரோட்டுப் பண்டகசாலையில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகு லோடு வருகிறது. எத்தனை மூட்டை, என்ன விலைக்குச் சொன்னோம் என்று ஒரு ஆர்டர் சீட்டு. உண்மையில் எத்தனை மூட்டை இறங்கியது, என்ன எடை என்று இன்னொரு சீட்டு. விற்றவர் அனுப்பிய பில் மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூன்றும் ஒத்தால்தான் அவர் பணம் கொடுக்கச் சொல்லுவார். ஒரு மூட்டை குறைந்தால் பணம் நிற்கும். தரகர் வந்து சத்தம் போடுவார். கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே, "எடைச் சீட்டைக் கொண்டா" என்பார். இதுதான் அக்கவுண்ட்ஸ் பேயபிள். காக்கநாட்டில் இதற்கு 'மூவழிப் பொருத்தம்' என்ற அர்த்தத்தில் த்ரீ வே மேட்ச் என்று பெயர். சீட்டுகள் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும். விற்றவர் ஜெர்மனியில் இருப்பார். வாங்கியவர் அமெரிக்காவில் இருப்பார்.

நாம் ரெயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது செய்ததும் இதன் தம்பிதான். சரக்கு அனுப்பியவர் கையில் ரெயில்வே ரசீது, வண்டியோடு வரும் இன்வாய்ஸ், இறங்கும் சரக்கு. ரசீதைக் கொண்டுவராமல் டெலிவரி கேட்டு நிற்கும் வியாபாரியிடம் முடியாது என்று சொல்ல முதல் வருடம் நமக்கு நாக்கு எழவில்லை. மூன்றில் ஒன்று ஒத்துப்போகாத நாள்தான் வேலை கற்ற நாள் என்று அப்போதிருந்த தலைமைக் குமாஸ்தா சொல்லுவார். இன்று அந்த ஏடுகளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ஒத்துப்போகாத சரக்கு மட்டும் இன்னும் மேஜைக்குத்தான் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுகிறோம் என்றால், நம் பிள்ளைகள் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். 'கம்ப்யூட்டர் கோர்ஸ்' என்று ஆறு மாதம் தட்டச்சும் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போனால் வேலை கிடைக்கும் என்று நினைக்கிறோம். தட்டச்சு வேண்டும்தான். ஆனால் ஒத்துப்போகிற மூன்று சீட்டையும் இன்று இயந்திரமே சேர்த்துப் பணம் அனுப்பிவிடுகிறது. மனிதனிடம் வருவது ஒத்துப்போகாத சீட்டு. ஏன் ஒத்துப்போகவில்லை? வரி இரண்டு முறை போட்டார்களா, விலை மாறிய கடிதம் நடுவில் தொலைந்ததா, ஒரே பில்லை இரண்டு நம்பரில் அனுப்பினார்களா? கண்டுபிடித்து, யாரிடம் கேட்கவேண்டுமோ அவரிடம், நாலு வரியில், தப்பில்லாத இங்கிலீஷில், அவருக்குக் கோபம் வராமல், ஆனால் பதில் சொல்லாமல் தப்பிக்கவும் முடியாமல் கேட்கவேண்டும். இந்த வேலைக்கு வேண்டிய திறமையில் பாதிக்கு மேல் இந்த நாலு வரியில் இருக்கிறது என்று அங்கே பத்து வருடம் இருக்கும் நம் பிள்ளைகள் சொல்லுகிறார்கள்.

மற்ற நாற்காலிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வரவேண்டிய பணத்தை வசூலிக்கும் பிரிவு ஒன்று. அதற்குப் பேச்சில் பொறுமையும் தேதியில் கறாரும் வேண்டும். சம்பளப் பட்டியல் பிரிவு. அங்கே ஒரு நாட்டின் வரிச் சட்டமும் விடுமுறைச் சட்டமும் தெரியவேண்டும், ஒரு பைசா தவறினாலும் நூறு பேர் கூப்பிடுவார்கள். மாதக் கடைசியில் ஏடுகளை மூடிக் கணக்கு முடிக்கும் பிரிவு. இதுதான் கணக்குப் படித்தவர்களுக்கு மேலே போகும் ஏணி, பற்று வரவு ஏன் அப்படி எழுதப்படுகிறது என்று தெரியாதவர்கள் இங்கே இரண்டாம் படி ஏறமாட்டார்கள். கம்ப்யூட்டர் பழுதானால் கூப்பிடும் உதவி மேஜை ஒன்று உண்டு. ஆள் எடுக்கும் பிரிவு உண்டு. இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்தவர்களில் சிலர் மற்றவர் வேலையைச் சரிபார்ப்பவராகவும், புதியவர்களுக்குக் கற்பிப்பவராகவும், பத்துப் பதினைந்து பேருக்குத் தலைவராகவும் போகிறார்கள். எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக எக்ஸெல் என்ற கணக்குத்தாள் தெரியவேண்டும். தெரியும் என்று எழுதிக்கொடுத்தால் போதாது. ஆயிரம் வரி உள்ள இரண்டு பட்டியலைக் கொடுத்து, இதில் இருந்து அதில் இல்லாத பெயர் எது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுவார்கள்.

போனில் பேசும் வேலையைப் பற்றித்தான் நம்மவர்களுக்குப் பயமும் ஆசையும் ஒருசேர இருக்கிறது. அமெரிக்கர்களைப் போல மூக்கால் பேசவேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டாம், எதிரில் உள்ளவருக்கு விளங்கும்படி நிதானமாகப் பேசினால் போதும். அதைவிட முக்கியம், திட்டுகிறவரிடம் குரல் உயராமல் இருப்பது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடைக் கணக்கில் மாலை ஆறரை, குளிர்காலக் கணக்கில் ஏழரை. அவர்கள் மாலை 5 மணிக்குக் கடையைக் கட்டும்போது இங்கே விடியற்காலை இரண்டரை, மூன்றரை. லண்டன் வேலை என்றால் அவ்வளவு கஷ்டமில்லை. மதியம் போய் இரவு பத்து பதினொன்றுக்கு வரலாம். ஆகவே 'நைட் ஷிப்டு' என்ற சொல்லைக் கேட்டவுடன் தாம் தூம் என்று குதிக்காமல், எந்த நாட்டு வேலை என்று கேளுங்கள். துறைமுகத்திலும் ரெயிலிலும் ஆஸ்பத்திரியிலும் நம் வீட்டு ஆண்களும் பெண்களும் இரவு வேலை பார்க்கவில்லையா? கேட்கவேண்டிய கேள்வி வேறு: இரவில் வீட்டு வாசல் வரை வண்டி உண்டா, அதில் கடைசியாக இறக்கிவிடப்படுவது தனியாக ஒரு பெண்ணா என்பது.

உள்நாட்டு வேலையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சொத்து இருக்கிறது. அதை நாமே பாழாக்கிக்கொண்டிருக்கிறோம். வங்கி, இன்ஷூரன்ஸ், போன் கம்பெனி வாடிக்கைக்காரர்களிடம் அவரவர் மொழியில் பேச ஆள் வேண்டும். கொச்சியில் வளர்ந்த நம் பிள்ளைக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷும் இந்தியும். நாலு மொழி! ஆனால் தமிழில் பேச்சு மட்டும்தான். எழுதச் சொன்னால் முழிக்கிறார்கள். தமிழில் வந்த புகார்க் கடிதத்தைப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளையை எந்தக் கம்பெனி தமிழுக்கென்று எடுத்துக்கொள்ளும்? மலையாளப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்காதது யார் குற்றம்?

இயந்திரம் வந்து இந்த வேலைகளையும் விழுங்கிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான பயம்தான். 2024இல் ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா என்ற கடன் கம்பெனி, தன் பேசும் இயந்திரம் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று பெருமையடித்தது. அடுத்த வருடமே, தரம் போதவில்லை என்று மனிதர்களை மறுபடி சேர்க்க ஆரம்பித்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுத்தட்டிலும் மேல்தட்டிலும் இருந்தவர்கள். எனவே ஒரேயடியாகப் போய்விடும் என்றும் சொல்வதற்கில்லை, ஒன்றும் ஆகாது என்றும் சொல்வதற்கில்லை. 1960களில் கல்கத்தாவில் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டோம் என்று காவல் நின்றார்கள். 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் எந்த அளவுக்கு இயந்திரம் வரலாம் என்று பேசி ஒப்பந்தம் போட்டன. இயந்திரம் கடைசியில் வந்தது. ஆனால் வேலையில் இருந்தவர்களைத் தெருவில் விடாமல் வந்தது. அதற்குக் காரணம் சங்கம். காக்கநாட்டில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்? இதற்குப் பிறகு வருகிறோம். பிள்ளைகளுக்கு இப்போதைக்குச் சொல்லவேண்டியது: நகல் எடுத்து ஒட்டுகிற வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் உட்காராதே, ஒத்துப்போகாத சீட்டு வரும் மேஜைக்கு நகர்ந்துகொள்.

இனி கடிதத்தில் உள்ள பொறிகள். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நம் பகுதியிலேயே ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கி 20,000 ரூபாய் கொடுத்து, கடைசியில் ஒரு போலிக் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்போபார்க் வாசலில் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நின்றது. அந்த செக்யூரிட்டியும் நம் ஊர்க்காரர்தான். அவர்தான் நமக்கு வந்து சொன்னார். முறையான கம்பெனி ஆள் எடுக்கக் காசு கேட்காது.

அடுத்தது சம்பளம். கடிதத்தில் போட்டிருப்பது சி.டி.சி., அதாவது உங்கள் பெயரில் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் முதலாளி கட்டவேண்டிய பிராவிடண்ட் பண்டும் இருக்கும், கிராஜுவிட்டியும் இருக்கும், இன்ஷூரன்ஸும் இருக்கும், வேலையைப் பார்த்துக் கொடுத்தாலும் கொடுக்கலாம் என்ற ஊக்கத்தொகையும் இருக்கும். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இவ்வளவு வரும் என்று சீட்டுக் கட்டிவிடாதீர்கள். கையில் வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பிராவிடண்ட் பண்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, ஊழியரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம்தான், வீட்டாருக்கும் வைத்தியம் கிடைக்கும். இரண்டும் உண்மையில் கட்டப்படுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.

பாண்டு எல்லாம் கோர்ட்டில் செல்லாது, பயப்படாமல் கையெழுத்துப் போடு என்று சொல்லும் வாய்ச்சொல் வக்கீல்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வங்கி. அதன் நியாயம் எல்லாக் கம்பெனிக்கும் அப்படியே பொருந்தாமல் போகலாம். ஆனாலும் தொகை எவ்வளவு, எவ்வளவு காலம் என்று படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அசல் சான்றிதழைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். அது பிள்ளையின் பதினைந்து வருடம்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நாம் இந்தப் பத்திரிகையில் எழுதத் தகுதியில்லாதவர்கள். இதே மட்டாஞ்சேரியில், துறைமுகத்தில், சாப்பா என்று ஒரு முறை இருந்தது இளைய தலைமுறைக்குத் தெரியாது. காலையில் வேலைக்குக் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். பாய்ந்து, ஒருவரை ஒருவர் மிதித்து, யார் கையில் வில்லை கிடைக்கிறதோ அவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர்களுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. உயிர்ப்பலி கொடுத்த பிறகுதான் அந்தப் பழக்கத்துக்கு முடிவு வந்தது. பதிவும் முறையும் வந்தன. ராஜீவ் ரவி எடுத்து 2023இல் வெளியான 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்தக் கதைதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

இன்று கழுத்தில் மாட்டும் அட்டையை வைத்திருக்கும் பிள்ளையிடம் போய்ச் சங்கம் என்று சொன்னால், "நான் எக்ஸிகியூட்டிவ், மாமா. எனக்கு எதுக்கு யூனியன்?" என்கிறான். தம்பி, பதவியின் பெயரை வைத்துச் சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை. என்ன வேலை செய்கிறான் என்று பார்க்கிறது. குமாஸ்தா வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவன் தொழிலாளி என்றுதான் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த புதுத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அந்தத் தொகுப்புகளில் நமக்கு ஒப்புதல் இல்லாத பகுதிகள் நிறைய உண்டு. அதை வேறொரு இதழில் எழுதுவோம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கச் சட்டத்தில் தடையில்லை என்று தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்தியது. 2017இல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கென்றே ஒரு சங்கம் பதிவாயிற்று. வீட்டுக்கு அனுப்பும் கடிதம் வந்த பிறகு சங்கத்தைத் தேடுகிறவர்கள்தான் இன்று அதிகம். ரெயில்வேயிலும் முதலில் அப்படித்தான் இருந்தது என்று 1974 வேலைநிறுத்தத்தைப் பார்த்த பெரியவர்கள் சொல்லுவார்கள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. காக்கநாட்டின் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் நம்மவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சாரம் கட்டியவர்கள் நம்மவர்கள். தரை துடைக்கும் அக்காமார்களில் நம்மவர்கள் உண்டு. வண்டி ஓட்டுகிறவர்கள், கேண்டீனில் தோசை ஊற்றுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனியல்ல, காண்டிராக்டர். மேல்மாடியில் கணக்கெழுதப் போகும் நம் பெண், கீழே துடைப்பம் பிடித்து நிற்கும் நம் அக்காவைத் தெரியாதவள் போல லிப்டில் ஏறினால் நாம் படித்துக் கிழித்தது என்ன? அந்த அக்காவுக்குப் பிராவிடண்ட் பண்டு பிடித்ததைக் கட்டினார்களா என்று தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல அவளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்தத் தாயின் கதையைச் சொல்லி நிறுத்துவோம். திங்கட்கிழமை மகளையே வரச் சொன்னோம். அவளை உட்காரவைத்து, கம்பெனிக்கு ஒரு கடிதம் அவள் கையாலேயே எழுதவைத்தோம்: அசல் சான்றிதழ் சரிபார்த்தவுடன் திருப்பித் தரப்படுமா, இரவு வண்டி வீடுவரை உண்டா, எந்த நாட்டு நேரம், பாண்டு தொகை எவ்வளவு, கையில் வரும் சம்பளம் எவ்வளவு. பத்தாவது படித்த நாம் இங்கிலீஷ் கற்றது ரெயில்வே சர்க்குலர்களிலிருந்து. நாம் திருத்திய இரண்டு இடங்களில் ஒன்றை அவள், "அது பழைய இங்கிலீஷ், மாமா" என்று மறுபடி திருத்திவிட்டாள். செவ்வாய் மதியம் பதில் வந்தது. சான்றிதழ் சரிபார்த்தவுடன் திருப்பித் தரப்படும், வண்டி உண்டு, லண்டன் நேரம். பாண்டில் மட்டும் மாற்றமில்லை, தொகை இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். தகப்பனார் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போகட்டும்" என்றார். கையெழுத்துப் போட்டாள். மூன்று வாரமாகப் போய் வருகிறாள். வண்டி வரும்வரை தாய் தெருமுனையில்தான் நிற்கிறார். அது இன்னும் மாறவில்லை.

அவளும், பஜார் ரோட்டில் முப்பது வருடம் கணக்கெழுதி ஓய்ந்த நம் பெரியவர் ஒருவரும், நாமும் சேர்ந்து, வருகிற ஞாயிறு முதல் காலை 10 மணிக்குச் சங்க அறையில் வகுப்பு நடத்துகிறோம். பெரியவர் பற்றும் வரவும் சொல்லிக்கொடுப்பார், அவள் எக்ஸெல், கடைசி அரை மணி தமிழ் எழுத்து. கட்டணம் இல்லை. பிளஸ் டூ முடித்தவர்களும் வரலாம். ஒரு நீளக் கணக்கு நோட்டும், வீட்டில் கிடக்கும் பழைய கடைப் பில்கள் பத்தும் கொண்டுவரவேண்டும்.